உடலும் நம் உடைமையே: கிக் பாக்சிங் பயிற்சியும் உடல் நலமும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவிற்குத் தலைமையாசிரியன் ஒருவனை அழைத்தால், அவன் தேர்வைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியுமே பேசுவான் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நானோ இன்று கிக் பாக்சிங் என்னும் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச விழைகிறேன். “கல்விச் சங்கத்தில் குத்துக்கும் உதைக்கும் என்ன வேலை?” என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் முன்னோர் உடலால் உழைத்தவர்கள். ஏர் பிடித்தார்கள், நாற்று நட்டார்கள், கல் உடைத்தார்கள், மூட்டை சுமந்தார்கள். அவர்கள் உடல் அசையாத நாள் இல்லை. ஆயினும் அவ்வுழைப்பு அவர்கள் உடலை வளர்த்ததா? தேய்த்தது என்பதே உண்மை. நாற்பது வயதில் முதுகு வளைந்தது. ஐம்பது வயதில் முழங்கால் ஓய்ந்தது. உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்பதை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும். உழைப்பில் எவ்வளவு சுமப்பது, எப்போது நிறுத்துவது என்பதை வேலை கொடுப்பவன் முடிவு செய்கிறான். ஒரே தசை ஓய்வின்றி ஒரே அசைவைச் செய்கிறது. உடற்பயிற்சியிலோ எவ்வளவு, எப்போது, எதற்காக என்பதை நாமே முடிவு செய்கிறோம். உழைத்த தசைக்கு ஓய்வும் உணவும் கொடுக்கிறோம். அந்த ஓய்வில்தான் தசை வளர்கிறது. பல தலைமுறைகளாகப் பிறர்க்கு உரியதாய் இருந்த உடலை நமக்கு உரியதாய் ஆக்கிக்கொள்ளும் வழி இது என்பேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் படித்தார்கள். ஆசிரியர்களாகவும் எழுத்தர்களாகவும் வங்கி அலுவலர்களாகவும் கணிப்பொறி வல்லுநர்களாகவும் நாற்காலியில் அமர்ந்தார்கள். போராடிப் பெற்ற நாற்காலி அது, பெருமைக்குரியதே. ஆனால் அந்த நாற்காலியோடு வேறு சிலவும் வந்து சேர்ந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு ஒன்று, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியிட்டது. இது பணக்காரர் நோய் என்று ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. முதல் தலைமுறையாகப் படித்து, முதல் தலைமுறையாக மாத ஊதியம் பெற்று, அந்த ஊதியத்தை மருந்துக் கடையில் கொட்டும் நிலை நமக்கு வரலாகாது.

இங்கே அண்ணல் அம்பேத்கர் அவர்களை நினைவுகூர்கிறேன். அவர் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நீரிழிவும் நரம்பு வலியும் அவரைப் பெரிதும் வருத்தின. 1948-இல் அவர் மணந்துகொண்ட சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். அண்ணலின் உடல்நலத்தை அவரே பேணி வந்தார். 1956 டிசம்பர் 6-ஆம் நாள், தம் 65-ஆம் வயதில் அண்ணல் மறைந்தார். அவர் எழுதி முடித்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் பெருநூல் 1957-இல்தான் அச்சில் வெளிவந்தது. அந்நூலை அவர் கையில் ஏந்திப் பார்க்கவில்லை. அன்று இருந்த மருத்துவ அறிவும் வசதியும் குறைவு. ஓய்வு என்பதையே அறியாத வாழ்வு அது. இன்னும் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்திருந்தால் நமக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. நூலைக் காப்பது போலவே நூல் எழுதும் உடலையும் காக்க வேண்டும் என்பது அந்த வாழ்விலிருந்து நாம் பெறும் பாடமாகும். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

சரி, கிக் பாக்சிங் என்பது யாது? தாய்லாந்து நாட்டில் ‘முவே தாய்’ என்றொரு பழமையான போர்க்கலை உண்டு. கை முட்டி, முழங்கை, முழங்கால், கால் என எட்டு உறுப்புகளையும் பயன்படுத்தும் கலை அது. 1960-களில் ஜப்பானியர் அக்கலையைத் தம் கராத்தேயோடும் மேலைநாட்டுக் குத்துச்சண்டையோடும் இணைத்தனர். ஒசாமு நொகுச்சி என்னும் குத்துச்சண்டை அமைப்பாளர் அதற்குக் கிக் பாக்சிங் எனப் பெயரிட்டு, 1966-இல் போட்டிகளை நடத்தத் தொடங்கினார். 1970-களில் அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிற்று. 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இவ்விளையாட்டின் உலக அமைப்பிற்கு முழு அங்கீகாரம் அளித்தது.

நான் பேச வந்தது போட்டியைப் பற்றியன்று. எதிரில் ஆளே இல்லாமல், காற்றிலும் தொங்கும் பையிலும் குத்தியும் உதைத்தும் செய்யும் பயிற்சியைப் பற்றியே. இதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான பில்லி பிளாங்க்ஸ். பதினைந்து பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் 1955-இல் பிறந்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்பட்டவர். இடுப்பு மூட்டிலும் குறை இருந்தது. அந்தப் பிள்ளை கராத்தே பயின்றான். வாகையர் பட்டங்களை வென்றான். பின்னாளில் குத்தையும் உதையையும் இசைக்கு ஏற்ப அடுக்கி ‘டேபோ’ என்னும் பயிற்சியை அமைத்தார். 1990-களின் இறுதியில் அவருடைய ஒளிநாடாக்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. படிப்பில் பின்தங்கிய பிள்ளையை ‘மக்கு’ என்று ஒதுக்கும் ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் இவர் வரலாற்றை நினைவில் கொள்வார்களாக.

குத்துப் பயிற்சி நமக்கும் புதியதன்று. வட சென்னையில் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் மீனவரும் நம் மக்களும் வெள்ளையரிடமிருந்து குத்துச்சண்டையைக் கற்று, சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுக்களாய் வளர்த்தனர். அவ்வரலாற்றைக் களமாகக் கொண்டு இயக்குநர் பா. ரஞ்சித் 2021-இல் ஒரு திரைப்படமே எடுத்தார். 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். எனவே, “இது நமக்கு எதற்கு?” என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

இனி இப்பயிற்சியால் விளையும் நன்மைகளைக் காண்போம்.

முதலாவது, இதயம். சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒரு பங்கு என்று கொண்டால், நடக்கும்போது மூன்று பங்குக்குச் சற்று மேல் செலவாகிறது. கிக் பாக்சிங் தொடங்குவோர்க்கு ஐந்து பங்கும், நன்கு பழகியோர்க்குப் பத்துப் பங்கும் செலவாகிறது. கையும் காலும் இடுப்பும் ஒருசேர இயங்குவதே இதற்குக் காரணம். அத்தனை தசைகளுக்கும் குருதியை அனுப்ப இதயம் விரைந்து துடிக்கிறது. இவ்வாறு பல வாரங்கள் பழகிய இதயம் ஒரு துடிப்பிலேயே மிகுதியான குருதியைச் செலுத்தும் வலிமை பெறுகிறது. ஆகவே ஓய்வு நேரத்தில் அது மெல்லத் துடித்தாலே போதுமானதாகிறது. குருதி அழுத்தமும் தணிகிறது.

இரண்டாவது, சர்க்கரை. உணவிலிருந்து குருதிக்கு வரும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் சாவி இன்சுலின். நீரிழிவில் அந்தச் சாவி சரிவரத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்கிறது. தொடைத் தசை உடலின் பெருந்தசைகளுள் ஒன்று. உதைக்கும் ஒவ்வொரு முறையும் அது வேலை செய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, எலும்பும் சமநிலையும். பையில் குத்தும்போதும் கயிறு தாண்டும்போதும் எலும்பு அளவான அதிர்ச்சியைப் பெறுகிறது. அதற்கு ஈடாக எலும்பு தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறது. ஒரு காலில் நின்று மறுகாலை உயர்த்தும் பழக்கத்தால் உடலின் சமநிலை தேர்ச்சி பெறுகிறது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 2006-இல், நடுக்குவாத நோயாளர்க்கென்றே எதிராளி இல்லாத குத்துச்சண்டைப் பயிற்சி தொடங்கப்பட்டு, இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. தடுமாறி நடப்போர்க்கும் பயன்படும் பயிற்சி இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நான்காவது, உள்ளம். “இடக்கைக் குத்து, வலக்கைக் குத்து, வலக்கால் உதை” என்று வரிசையை மனத்தில் நிறுத்திச் செய்யும்போது வேறு கவலை நுழைய இடமில்லை. பயிற்சி செய்தவர்க்கு இரவில் நல்ல உறக்கம் வருகிறது. நன்கு உறங்கிய மாணவனுக்குப் படித்தது நினைவில் நிற்கிறது. தேர்வு நாள் நெருங்க நெருங்க விளையாட்டை நிறுத்தச் சொல்லும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மற்றொரு பயனும் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓடி முடித்தாக வேண்டும். இரவு பகலாகப் படித்து எழுத்துத் தேர்வில் வென்றுவிட்டு, ஓடுகளத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும் தம்பிமார் எத்தனை பேர்! கையெட்டும் தூரத்தில் வேலை கைநழுவிப் போகிறது. ஓட்டத்திற்கு ஓட்டப் பயிற்சியே முதன்மை. ஆயினும் அதற்கு வேண்டிய மூச்சையும் கால் வலிமையையும் இப்பயிற்சி வளர்த்துத் தரும்.

எவ்வளவு செய்வது? உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, வயது வந்தோர் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான பயிற்சியோ, 75 நிமிடங்களேனும் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் ஓடியாட வேண்டும். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் பெரியவர்களின் கணக்கில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

முதல் ஐந்து நிமிடங்கள் மெல்ல ஓடியும் கயிறு தாண்டியும் உடலைச் சூடேற்றுக. பின்னர் நிற்கும் முறை: வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்னும் வலக்காலைப் பின்னும் தோளகலத்தில் வைத்து, முழங்கால்களைச் சற்றே மடக்கி, இரு முட்டிகளையும் கன்னத்தருகே உயர்த்தி நிற்க வேண்டும். முன்கையால் நேராகக் குத்துவது ஜாப். பின்கையால் இடுப்பைத் திருப்பிக் குத்துவது கிராஸ். பக்கவாட்டில் வளைத்துக் குத்துவது ஹூக். கீழிருந்து மேலாகக் குத்துவது அப்பர்கட். முழங்காலை உயர்த்தி முன்னோக்கி உதைப்பதும், இடுப்பைச் சுழற்றிப் பக்கவாட்டில் உதைப்பதும் கால் பயிற்சிகள். குத்தின் வலிமை தோளில் பிறப்பதன்று. தரையை ஊன்றிய காலில் பிறந்து, இடுப்பு வழியாகக் கைக்கு வருவது. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடுக. இரண்டு நிமிடங்கள் பயிற்சி, ஒரு நிமிடம் மெல்ல நடை என்று ஆறு சுற்றுகள் செய்க. மூன்று நிமிடங்கள் தண்டாலும் உட்கார்ந்து எழுதலும் செய்து, இறுதி ஐந்து நிமிடங்களில் தசைகளை நீட்டித் தளர்த்துக. மொத்தம் ஏறத்தாழ முப்பது நிமிடங்கள்!

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. காற்றில் குத்தப் பை எதற்கு? பை வேண்டுமெனில், உறுதியான சாக்கில் பழந்துணியை இறுகத் திணித்துத் தொங்கவிடலாம். மணலை மட்டும் நிரப்பினால் அது கல்லாய் இறுகி மணிக்கட்டைக் கெடுத்துவிடும். பையில் குத்துவோர் கையில் துணிப்பட்டை சுற்றி, உறை அணிந்து, மணிக்கட்டை நேராக வைத்துக் குத்த வேண்டும்.

எச்சரிக்கைகளையும் கூறிவிடுகிறேன். 220-இலிருந்து உங்கள் வயதைக் கழித்தால் வருவது இதயத் துடிப்பின் உச்ச அளவு. கடுமையான பயிற்சியில் அதில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்கு வரை துடிக்கலாம். இருபது வயதினர்க்கு அது நிமிடத்திற்கு 140 முதல் 170. எண்ண இயலாதவர்க்கு எளிய வழி ஒன்றுண்டு: இரண்டொரு சொல் பேச முடிந்தால் அளவு சரி, ஒரு சொல்லும் பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடுக. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்துக. இதய நோய், மிகுந்த குருதி அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கையில் சிறிது சர்க்கரை வைத்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொல்வார்கள். அதற்குக் காசு இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவர் தலையில் ஒருவர் குத்திப் பழகுதல் வேண்டவே வேண்டா. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைச் சிதைக்கும். படிப்பதற்காகச் சேர்த்துவைத்த மூளையைப் பந்தாக்கலாமா? தசை பெருக்க ஊசியும் மாவும் விற்போரிடத்தும் விழிப்பாயிருங்கள்.

உணவைப் பற்றி ஒரு சொல். வெறும் சோற்றையும் குழம்பையும் உண்டு பயிற்சி செய்தால் தசை வளராது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. கொண்டைக்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கருவாடு எல்லாம் நமக்கு எட்டும் உணவுகளே. மாட்டிறைச்சியில் புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்துள்ளன. நம் பாட்டன் பாட்டி உண்ட உணவைச் சொல்லிக் கூசுவதற்கு ஏதுமில்லை. கூச வேண்டியது அவ்வுணவிற்காக நம்மை இழிவுபடுத்தியவர்கள்தாம்.

தங்கைமார்களே, இப்பயிற்சி உங்களுக்கே மிகுதியும் வேண்டுவது. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் எறியாதீர்கள். களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் முதலில் இரத்தத்தைச் சோதித்து, சோகை தீர்ந்தபின் கடும் பயிற்சியில் இறங்குங்கள். தெருவில் தலை குனிந்தே நடக்கப் பழக்கப்பட்ட பெண், முட்டிகளை உயர்த்தி நிமிர்ந்து நிற்கப் பழகுவது உடலுக்கு மட்டுமன்றி உள்ளத்திற்கும் மருந்தாகும். “பெண்ணுக்கு இது தகுமா?” என்று கேட்கும் தந்தையரிடம், “நாற்று நடுவதும் கல் சுமப்பதும் தகும்போது இது தகாதோ?” என்றே நான் கேட்பேன்.

இறுதியாக, பெரியவர்களின் அச்சத்திற்கு வருகிறேன். குத்தக் கற்றவன் வம்புக்குப் போவானே என்பது அவ்வச்சம். நம் ஊர்களின் நிலையை அறிந்தவன் நான். சிறு கைகலப்பு சாதிச் சண்டையாய் மூள்வதும், ஒரே ஒரு வழக்கால் நம் பிள்ளையின் அரசுப்பணி கனவாய்ப் போவதும் நாம் அறிந்ததே. ஆதலால் அவ்வச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நல்ல ஆசிரியரிடம் பயில்பவன் முதலில் கற்பது குத்தை அன்று, ஒழுங்கை. வணங்கித் தொடங்குதல், மணியடித்ததும் நிறுத்துதல், சினம் வந்தாலும் மூச்சைச் சீராக வைத்தல் ஆகியவற்றை அவன் நாள்தோறும் பழகுகிறான். சினத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாத இளைஞன்தான் தெருவில் கை ஓங்குகிறான். தன் வலிமையை அறிந்தவனுக்கு அதை மெய்ப்பிக்கும் தேவை இல்லை. கை ஓங்கியவனை இந்த மன்றத்திலிருந்து விலக்குவோம் என்று முதல் நாளே விதி வகுத்துவிடுவோம். நம்மீது இழைக்கப்படும் கொடுமைக்குச் சட்டம் இருக்கிறது, அமைப்பு இருக்கிறது, கற்ற கல்வி இருக்கிறது. அவற்றைக் கொண்டு நீண்ட நாள் போராட நலமான உடல் வேண்டும். அதற்கே இப்பயிற்சி.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். மாலைநேரப் படிப்பு நடைபெறும் நம் கட்டடத்தின் மொட்டைமாடியை வாரத்தில் மூன்று நாள், காலை அரைமணி நேரம் இப்பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள். தகுதி பெற்ற பயிற்சியாளர் ஒருவரை அமர்த்துங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளரே வரட்டும். பெற்றோரும் வந்து பாருங்கள். பார்ப்பதோடு நில்லாமல் ஓரமாய் நின்று நடையேனும் நடங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தது. அந்தப் புத்தகத்தை அறுபது, எழுபது வயது வரையிலும் நடுங்காமல் பிடித்திருக்கும் கையையும் இனி அது வளர்க்கட்டும்.